பத்து நாள் இலங்கை ஊழியப் பயணம்: போகலாமா, போனால் எப்படிப் போவது?

காவிரிக்கரை வாலிபன் (மயிலாடுதுறை)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சபையின் வாலிபர் சங்கச் செயலர் நான். சபையில் எழுபது குடும்பம். வருகிற மாசியில், சம்பா அறுவடை முடிந்த கையோடு, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபைக்குப் பதினான்கு பேர் பத்து நாள் ஊழியப் பயணம் போவதாகத் திட்டம். அங்குள்ள போதகரும் எங்கள் ஆயரும் இறையியல் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவர்தான் அழைத்தார்.

மூன்று நாள் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, ஒரு நாள் மருத்துவ முகாம், இரண்டு இரவு எழுப்புதல் கூட்டம், மீதி நாளில் கோயிலுக்கு வெள்ளையடிப்பது என்று எழுதி வைத்திருக்கிறோம். ஒருவருக்கு ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய் ஆகும். பாதித் தொகை சேர்ந்துவிட்டது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு எடுத்தார்கள், இந்தப் பயணத்துக்காக என்று சொல்லியே.

போன ஞாயிறு சபைச் சங்கக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் எழுந்தார். "உபதேசியார் வீட்டு ஓடு உடைந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. அவர் மனைவி அரிசிப் பானையைக் கட்டிலுக்கு மேலே வைத்திருக்கிறாள். நீங்கள் கடல் தாண்டிப் போய் யார் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. அவர் கேட்டதில் தவறு எதுவும் இல்லை.

இப்படிப் போய் வந்தவர்கள், இப்படி வந்தவர்களை வரவேற்றவர்கள் யாராவது இருந்தால் மனத்தில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள். போவதா, பணத்தை மட்டும் அனுப்புவதா, இரண்டையும் விட்டுவிடுவதா?

நாகை துறைமுகத்தான்

தம்பி, போவதா வேண்டாமா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வழியை மட்டும் சொல்கிறேன்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் மறுபடியும் ஓடுகிறது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். ஆனால் ஐப்பசி பிறந்தால் தை முடியும் வரை கடலைப் பார்த்துத்தான் விடுவார்கள். மாசித் தொடக்கத்தை நம்பிப் பதினான்கு டிக்கெட் எடுக்காதீர்கள். இறங்கிய பிறகு ஹட்டனுக்கு ஒரு முழு நாள் பஸ் பயணம் இருக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். வயதானவர்கள் இருந்தால் திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் நல்லது. அங்கிருந்து ஹட்டனுக்கு ரயில் ஓடுகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசா விஷயத்தில் கவனம். சுற்றுலா விசாவில் போய் மேடை போட்டுப் பிரசங்கம் செய்யக் கூடாது. உங்கள் எழுப்புதல் கூட்டம் அதில்தான் வரும். அழைக்கும் திருச்சபையே அங்குள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் கேட்டு, எதற்கு அனுமதி உண்டு என்று எழுத்தில் வாங்கி அனுப்பட்டும். மாட்டிக்கொண்டால் நீங்கள் கப்பலேறி வந்துவிடுவீர்கள். அங்கே பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் போதகர்.

கையில் இந்திய நோட்டாக ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுத்துப் போக முடியாது. காணிக்கைப் பணத்தைக் கட்டாகக் கட்டி ஒருவர் பையில் வைக்க வேண்டாம்.

பொறையாறு செவிலி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நான் அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்து ஓய்வுபெற்றவள். வயது 64. வரவேற்ற பக்கத்திலும் இருந்திருக்கிறேன், போன பக்கத்திலும் இருந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அன்று காலையில் கடல் வந்தது. அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அடுத்த சில மாதங்கள் எங்கள் மருத்துவமனைக்கும் முகாம்களுக்கும் எத்தனையோ நாட்டிலிருந்து குழுக்கள் வந்தன. வந்த அனைவரும் நல்ல மனத்தோடுதான் வந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு குழு பன்னிரண்டு பெட்டி மருந்து கொண்டுவந்து இறக்கியது. அட்டையில் இருந்த மொழி எங்களில் யாருக்கும் தெரியாது. வார்டில் நோயாளிகள் காத்திருக்க, நானும் இன்னொரு செவிலியும் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து பிரித்தோம். பாதிக்கு மேல் நாள் கடந்த மாத்திரைகள். அவற்றை எரிக்கவும் இடம் தேட வேண்டியிருந்தது. சாலையோரம் குவிந்து கிடந்த பழைய துணிகளை அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கரையில் எல்லாவற்றையும் இழந்த பெண்கள்கூட அந்தத் துணியைக் குனிந்து எடுக்கவில்லை.

அதே மாதத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வந்தார். ஐம்பது வயது இருக்கும். என் மேசைக்கு எதிரில் நின்று, மொழிபெயர்க்க வந்த பையன் மூலம், "உங்களுக்கு எந்த வேலை அதிகச் சலிப்பாக இருக்கிறது? அதை எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டார். காஸ் துணி வெட்டுவது என்று சொன்னேன். அவ்வளவு புண் கட்டிக்கொண்டிருந்தோம். அவர் ஒன்பது நாள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து துணியை வெட்டி, ஓரத்து நூல் வெளியே தெரியாமல் உள்ளே மடித்து, டிரம்மில் அடுக்கிக் கொடுத்தார். நூல் புண்ணில் ஒட்டும் என்று நான் ஒரே ஒரு முறைதான் காட்டினேன். ஒன்பது நாளில் எத்தனை ஆயிரம் மடித்தாரோ, ஒன்றில்கூட நூல் வெளியே நிற்கவில்லை. அவர் எந்தச் சபை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருபது ஆண்டு கடந்தும் அந்த டிரம்மைத் திறந்த ஞாபகம் என் கையில் இருக்கிறது.

இனி, நாங்கள் போன கதை. 2018 பிப்ரவரியில் நான்கு சபைகள் சேர்ந்து ஒன்பது பேர் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்துக்குப் போனோம். எங்களிடமும் உங்களைப் போலவே ஒரு பட்டியல் இருந்தது. மருத்துவ முகாம் என் பொறுப்பு. நாற்பது கிலோ மருந்து வாங்கி வைத்திருந்தேன். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது அங்கிருந்து தகவல் வந்தது: வெளிநாட்டு மருத்துவர் அங்கே சிகிச்சை தர அந்த நாட்டு மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு வேண்டும், மருந்து கொண்டுவரவும் தனி அனுமதி வேண்டும் என்று. எங்களிடம் எதுவும் இல்லை. மருந்துப் பெட்டியின் முன்னால் எனக்கு எவ்வளவு வேதனை! டிரம் நினைவுக்கு வந்த பிறகுதான் தெளிந்தேன். அன்று எனக்குப் பன்னிரண்டு பெட்டியை இறக்கியவர்கள் செய்ததையே நான் செய்யவிருந்தேன். எல்லாவற்றையும் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

குழுவில் ஒன்பதாவது ஆள் ஒரு விவசாயக் கூலிப் பெண். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சபை. வயது ஐம்பத்தெட்டு, சிறுமியாக இருந்ததிலிருந்து நடவு, களை, அறுப்பு. மேடையில் ஜெபம் செய்ய வராது, எழுத்துக் கூட்டித்தான் வேதம் வாசிப்பார், இவருக்கு எதற்கு இடம் என்று பேச்சு எழுந்தது. அவருடைய ஆயர் விடாப்பிடியாக நின்றதால் வந்தார். அந்த ஆயருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அங்கே முதல் இரண்டு நாள் எங்கள் பாட்டும் கதையும் மரியாதையாகக் கேட்டார்கள். மூன்றாம் நாள் மாலை தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு லயத்துக்குக் கூட்டிப்போனார்கள். வரிசையாகப் பத்துப் பதினைந்து காம்பரா, அதாவது அறை, ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். பெண்கள் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தார்கள். கூடைக் கயிறு அழுந்திய தடம் நெற்றியில் இருந்தது. ஒருத்தி கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்தில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாம் சோப்பு என்பதை அவர்கள் சவர்க்காரம் என்கிறார்கள். பால் இல்லாத தேநீர் கொடுத்தார்கள், உள்ளங்கையில் சீனி. நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். அப்போது அவர்களுக்கு அடிப்படை நாட்சம்பளம் 500 இலங்கை ரூபாய். அன்றைய கொழுந்து எடை குறைந்தால் பாதி நாள் கூலிதான், அதை "அரைப் பேர்" என்கிறார்கள். ஆயிரம் ரூபாய் கேட்டுக் கோரிக்கை நடந்துகொண்டிருந்தது. ஒன்பது பேருக்கு அந்தச் சீனி எத்தனை கரண்டி என்று நான் எண்ணிப் பார்த்தேன். தொண்டையில் இறங்கவில்லை.

அங்கே எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, "நீங்கள் தஞ்சாவூர்ச் சீமையா?" என்று கேட்டார். அவருடைய ஆயாவின் ஊர் அந்தப் பக்கம் என்று. ஊர்ப் பெயரில் கடைசிப் பாதிதான் அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. "ஏதோ மங்கலம், வாய்க்கால் கரையில் இலுப்பை மரம்." நம் டெல்டாவில் எத்தனை மங்கலம்! நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, ஆயா தூங்க வைக்கப் பாடியது என்று ஒரு பாட்டின் இரண்டு அடியை மெதுவாகப் பாடினார். தாலாட்டு என்றுதான் வாழ்நாளெல்லாம் நினைத்திருக்கிறார். சுவரோரம் உட்கார்ந்திருந்த எங்கள் திருத்துறைப்பூண்டி அக்கா நிமிர்ந்தார். மூன்றாவது அடியை எடுத்தார். அது நடவுப் பாட்டு. நாற்று முடியை அவிழ்த்து வயலில் இறங்கும்போது பாடுவது. அக்கா எழுந்து, சேலையை முழங்காலுக்கு மேல் செருகி, குனிந்து, அந்தச் சிமென்ட் தரையில் பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்டுக் காட்டினார். பாட்டின் தாளம் ஏன் அப்படி நின்று நின்று போகிறது என்று அந்தக் கையைப் பார்த்ததும் புரிந்தது. பாட்டி அவர் முதுகைத் தடவிக்கொண்டே அழுதார். நாற்றங்காலையே பார்த்திராத பிள்ளைகள் அக்காவுக்குப் பின்னால் குனிந்து நட்டார்கள்.

அதற்குப் பிறகு கதவுகள் திறந்தன. மீதி ஆறு நாள் எங்கள் பட்டியலை மடித்து வைத்துவிட்டோம். நான் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், தாய்மார்களுடன் உட்கார்ந்தேன். மருந்து இல்லாமலே பேச எவ்வளவோ இருந்தது. வெள்ளையடிக்கவில்லை. அவர்கள் பையன்களே அதைவிட நன்றாக அடிப்பார்கள், சுண்ணாம்பு வாங்கத்தான் பணம் இல்லை. வாங்கிக் கொடுத்தோம், அவர்கள் அடித்தார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் தென்னை மரங்கள் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்காவின் கூரை முழுதும் போய்விட்டது. மூன்று நாள் கழித்து மின்சாரம் உள்ள ஊரில் இருந்த எனக்கு மலையகத்திலிருந்து போன். "அக்காவுக்குக் கூரை இருக்கிறதா?" என்று அந்தப் பாட்டியின் மகள் கேட்டாள். ஜனவரியில் திருச்சிக்கு வந்த ஒருவர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார்கள். இரண்டு கிலோ தேயிலைத் தூளும், லயத்தில் வசூலித்த பணமும். 500 ரூபாய்க் கூலியிலிருந்து வந்த பணம் அது, தம்பி. அக்கா அதில் தகரம் வாங்கினார்.

எனவே என் பதில்: போங்கள். ஆனால் பதினான்கு பேர் வேண்டாம், ஆறு பேர் போதும். அந்தச் சபைக்குப் பதினான்கு பேருக்குச் சோறு போடுவது எவ்வளவு பாரம் என்று அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மருத்துவ முகாமை எடுத்துவிடுங்கள். பட்டியலை நீங்கள் எழுதாமல் அவர்களிடம் கேளுங்கள், போதகரிடம் மட்டும் கேட்காமல் கொழுந்து பறிக்கும் பெண்களிடமும் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் படம் எடுத்து உலகமெல்லாம் போடாதீர்கள். முதலில் உபதேசியார் வீட்டு ஓட்டை மாற்றுங்கள். அது ஒழுகிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அங்கே எந்த வசனத்தைச் சொன்னாலும் உங்கள் மனமே உங்களைக் குத்தும்.

எங்கள் தரங்கம்பாடியில் 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதித்தான் தொடங்கினார். பிறகு அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சானது. இடையில் சில காலம் ஊருக்குப் போய் வந்ததைத் தவிர, 1719இல் கண் மூடும் வரை இங்கேயே இருந்தார். உங்களிடம் இருப்பது பத்தே நாள். மணலில் உட்காரவே அது சரியாக இருக்கும்.

திரும்பி வந்த குடும்பம் (தஞ்சாவூர்)

செவிலி அம்மா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. எங்கள் குடும்பம் பதுளைப் பக்கத்திலிருந்து 1974இல் தலைமன்னார்க் கப்பலில் வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மண்டபம் முகாமில் அப்பா வரிசையில் நின்றதும், என் சுவெட்டரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்ததும் நினைவிருக்கிறது.

போகும் தம்பிகள் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று பங்கு பிரித்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் ஆனார்கள். என் அத்தை அங்கே நின்றுவிட்டார். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை முழுமையாகக் கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். அவர்களிடம் போய் "நீங்கள் எங்கள் மக்கள், இந்தியா உங்கள் தாய்நாடு" என்று உருக்கமாகப் பேசிவிடாதீர்கள். எந்த நாடு என்று கேட்டுக் கேட்டே இரண்டு தலைமுறையை அலைக்கழித்திருக்கிறார்கள். அது அவர்கள் மண். அந்த மலையைத் தோட்டமாக்கியவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்று, மனம் வலித்தாலும் சொல்ல வேண்டும். அவர்களின் முன்னோர் பலர் நம் காவிரிக்கரையில் பண்ணையாளாக இருந்து, பசிக்கும் அடிக்கும் தப்பிப் போனவர்கள். ஊர்ப் பெயர் பாதியாகத் தேய்ந்ததற்குத் தூரம் மட்டும் காரணம் இல்லை. மறக்க விரும்பியும் மறந்திருக்கலாம். பல ஆண்டுக்கு முன் இங்கிருந்து போன ஒரு பெரியவர் என் அத்தையிடம், "ஊர் சரி, எந்தத் தெரு?" என்று கேட்டாராம். தெரு கேட்டால் என்ன பொருள் என்று டெல்டாவில் பிறந்த யாருக்குத் தெரியாது? அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. உங்கள் குழுவில் வயதானவர்கள் இருந்தால் கப்பல் ஏறும் முன்பே சொல்லிவையுங்கள்: ஊர் கேட்கலாம், தெரு கேட்கக் கூடாது.

சுவெட்டர் எடுத்துப் போங்கள். மாசியிலும் இரவில் குளிரும்.

காவிரிக்கரை வாலிபன் (மயிலாடுதுறை)

அம்மா, ஐயா, அண்ணன், மூவருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டத்தில் செவிலி அம்மாவின் பதிலை முழுதும் வாசித்தேன். கேள்வி கேட்ட மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தெரு விஷயத்தை வாசித்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. எங்கள் சபையிலும் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு வாசல் இருக்கிறது. அதைப் பற்றி இதுவரை நாங்கள் பேசியதே இல்லை. நேற்றுத்தான் ஆயர் முதல்முறையாக வாய் திறந்தார். அது இங்கே எழுதித் தீரும் விஷயம் இல்லை.

ஓடு மாற்ற வரும் திங்கள் ஆள் வருகிறது. எழுப்புதல் கூட்டத்தையும் முகாமையும் எடுத்துவிட்டோம். ஆறு பேர் என்று முடிவு. விட்டுப்போனவர்களில் நானும் ஒருவன்; சீட்டுக் குலுக்கிப் போட்டோம். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். மீதிப் பணத்தில் அடுத்த ஆண்டு அங்கிருந்து நான்கு பேரை இங்கே அழைப்பது என்று தீர்மானம்.

ஆறாவது இடத்துக்கு எங்கள் சபையில் நடவுக்குப் போகும் ஓர் அக்காவைக் கேட்டோம். முதலில் வரமாட்டேன் என்றார், பிறகு சம்மதித்தார். அவரிடம் பாஸ்போர்ட் இல்லை. பள்ளிக்கூடம் போனதில்லை, பிறப்புச் சான்று கிடையாது, ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் தேதி இருக்கிறது. கிடைக்குமா?

பொறையாறு செவிலி

கிடைக்கும் தம்பி. எங்கள் அக்காவுக்கும் இதே கதைதான். ஞானஸ்நானப் பதிவேடு அங்கே செல்லாது. வாக்காளர் அடையாள அட்டை, பான் அட்டை இவற்றில் பிறந்த தேதி இருந்தால் போதும். எல்லாவற்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் அக்காவுக்கு ஓர் அட்டையில் அப்பா பெயரும் இன்னொன்றில் கணவர் பெயரும் இருந்து ஒரு மாதம் இழுத்தது. கட்டணம் 1,500 ரூபாய். பத்தாம் வகுப்பு இல்லாததால் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்று ஒரு குறிப்பு போடக்கூடும். அது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான், இலங்கைக்கு இப்படிப் போய்வரத் தடை இல்லை. பயப்பட வேண்டாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே செய்யுங்கள். சேற்றிலும் வைக்கோலிலும் உழைத்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். எங்கள் அக்காவுக்கு அந்தக் கருவியில் நான்கு முறை விரல் வைத்தும் விழவில்லை. அங்கே இருந்த பெண் ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஐந்தாம் முறை வைத்தபோதுதான் விழுந்தது. நாள் குறித்ததும், அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் படுக்கும்போது விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வாரம் வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லி, அந்தக் கூலியைச் சபை கொடுத்துவிடட்டும்.